பெரியப்பா குடிக்காத குடி

திருவிருந்துக் கிண்ணத்திலிருந்து சிந்திய திராட்சை ரசம் ஆயரின் வெள்ளை அங்கியில் பரவுவதை நான் மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தேன். பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காலிட்டிருந்தவர்களில் பெரியப்பா கடைசி ஆள். ஆயர் கிண்ணத்தை அவர் வாயருகே கொண்டுபோனபோது, அதை லேசாகத் தாங்கிக்கொள்ள அவருடைய வலது கை எழுந்தது. எழுந்த கை கிண்ணத்தைத் தாங்கவில்லை, தட்டிவிட்டது. பெரியப்பா பதறிப்போய்த் தன் வேட்டி நுனியால் ஆயரின் அங்கியைத் துடைக்கப் பார்த்தார். அந்தக் கையும் எங்கேயோ போனது. கோயிலில் யாரும் சத்தம் போடவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண்குரல் மட்டும், "காலையிலேயே ஆரம்பிச்சிட்டாரு" என்றது. அப்போது நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா என் அம்மாவின் அக்காவைக் கட்டியவர். ஆம்பூரில் ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அவர் குடிப்பார் என்று ஊர் நம்பியதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. அவ்வளவு பயம் அவருக்குக் குடி மேல். கேக்கில் ரம் ஊற்றுவார்கள் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். இருமல் டானிக் வாங்கினால் மருந்துக் கடைக்காரரிடம், "இதுல அது கலக்கலியே?" என்று கேட்பார். காரணம் அவருடைய அப்பா. அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருந்த அந்த மனிதர், குடித்துக் குடித்தே கைகால் இழுத்து, நடை தள்ளாடி, கடைசியில் பேச்சும் குழறிச் செத்துப்போனார் என்பது குடும்பத்தின் வரலாறு. அப்பாவைப் புதைத்த அன்று, இந்த ஜென்மத்தில் சாராயத்தைத் தொடுவதில்லை என்று பெரியப்பா சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறார், அதுவோ அவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்போது எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

முதலில் விரல்கள்தான் ஆரம்பித்தன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியம் ஒன்றை வாசிப்பதுபோல அவை முழங்கால்மேல் ஆடும். பிறகு தோள் குலுங்கியது. பிறகு புருவம். நடக்கும்போது கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், அவரே அதைத் திருப்பிக் கொண்டுவருவார். கூடவே, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதருக்குக் கோபம் ஜாஸ்தியானது. ஒருநாள் சாம்பார் சூடாக இல்லை என்று தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, தான் எறிந்ததை நம்ப முடியாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பெனியில் அவருடைய தோஸ்த் ஒருவர் அவர் வாயை முகர்ந்தே பார்த்தாராம். ஒன்றும் இல்லை என்றதும், "வாசனை வராத சரக்கு எங்க கிடைக்குதுன்னு எனக்கும் சொல்லுப்பா" என்றாராம். மெஷின் பக்கம் இனி வரவேண்டாம், பேக்கிங்கைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிண்ணம் சிந்திய பிறகு சபைக் கமிட்டி கூடியது. குடிப்பவர்களைத் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைப்பது எங்கள் சபையில் பழைய ஒழுங்கு. மனந்திரும்பி வந்து சபைக்கு முன்னால் சொன்னால் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். ஆயர் வீடு தேடி வந்து, காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மிகவும் வருத்தத்தோடு அதைச் சொன்னார். நான் குடிப்பதில்லை ஐயா என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே நாக்கு குழறியது. அதன் பிறகு, திருவிருந்து உள்ள ஞாயிறுகளில் எல்லோரும் பீடத்துக்குப் போகையில் அவர் மட்டும் பெஞ்சில் இருந்தார். கடந்து போகிறவர்களுக்கு வழிவிட அவர் கால்களை உள்ளே இழுப்பார். அவை நிற்காமல் வெளியே வரும். ஒருமுறை கோயிலிலிருந்து திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார், "எங்கப்பன் குடிச்சது எனக்கு ஏறுதுடா." பிற்பாடு படித்த எத்தனையோ கட்டுரைகளில் இதைவிடச் சுருக்கமாக அந்த நோயைச் சொன்ன ஒரு வரியை நான் பார்க்கவில்லை. குடி என்கிற ஒரு சொல்தான் தப்பு.

நான் மரபணுவியல் படிக்கப் போனது இவருக்காக இல்லை. அப்படிச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை அது இல்லை. காலேஜ் முதல் வருஷம் ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்துச் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, ஒவ்வொரு அறையிலும் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. உட்கரு. அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். நம் உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத அப்படியொரு புள்ளிக்குள் ஆள் உயரத்துக்கு நீளமான நூல் மடிந்து மடிந்து கிடக்கிறது, அதில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் மூக்கு மூக்காகவும் நகம் நகமாகவும் ஆகிறது என்றால் எப்படிச் சும்மா இருப்பது? ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் எனக்கு 'உட்கரு' என்றே பெயர். அக்காதான் வைத்தாள். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். ஷூ ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் வேலை. நான் வாயைத் திறந்தாலே, "உட்கரு வந்துடுச்சு, காதை மூடிக்கோங்க" என்பாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது என்னையும் கூட வரச் சொன்னார்கள். இதையெல்லாம் படிக்கிறவன் நான்தானே என்பது பெரியம்மாவின் எண்ணம். நரம்பு டாக்டர் அவரை அறைக்குள் நடக்கவிட்டுப் பார்த்தார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். நாக்கு உள்ளே ஓடிவிட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்கப்பா எப்படி இறந்தாரு?" என்று கேட்டார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு குடி என்றார். டாக்டர் இன்னும் விவரமாகக் கேட்டார். கை ஆடியதா, எந்த வயதில் ஆரம்பித்தது, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது உண்டா என்று அவர் கேட்கக் கேட்க எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பாடத்தில் ஒரு பக்கம் அது. ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயரைச் சுமக்கும் நோய். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, ஆலோசகரான ஓர் அம்மா பொறுமையாக விளக்கினார். நாலாவது குரோமோசோமில் ஒரு மரபணு. அதன் ஓரிடத்தில் மூன்றெழுத்து ஒன்று திரும்பத் திரும்ப வரும், எல்லோருக்கும் உண்டு. இவருக்கு அது நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுவிட்டது. அதனால் உருவாகும் புரதமும் நீண்டுபோகிறது. அதன் துண்டுகள் நரம்பணுக்களின் உட்கருவுக்குள்ளேயே போய்க் கட்டிகட்டியாகச் சேர்கின்றன. மெல்ல மெல்ல அந்த அணுக்கள் சாகின்றன. அசைவுகளைக் கொஞ்சம் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு, நோயை நிறுத்த எதுவும் இல்லை. பெரியம்மாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நான் இடையில் புகுந்தேன். கட்டிங் செக்‌ஷனில் தோலை வெட்டும் இரும்பு அச்சை டை என்பார்கள். டையில் ஒரு நெளிவு இருந்தால் வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் அந்த நெளிவு வரும் இல்லையா, அதுபோல உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும், என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆலோசகரே தலையசைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரியப்பா கேட்டார், "டை நெளிஞ்சா டையை மாத்திடுவோம். இதுக்கு டை யார்கிட்ட இருக்கு?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்து மரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் அது என்னவென்று எனக்கு விளங்கியது. சந்தோஷம். "அப்ப எங்கப்பா குடிச்சுச் சாவல," என்றார். "நானும் குடிக்கல." இதை ஆயரிடம் போய்ச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் வாசிக்கச் சொல்ல வேண்டும், வியாதியின் பெயரைத் தப்பில்லாமல் சொல்ல நீ அவருக்குக் கற்றுக்கொடு என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இவ்வளவு காலம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர். கொல்லப்போகிற வியாதியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர் அப்படிச் சிரித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்கா சிரிக்கவில்லை. அவள் ஆலோசகரின் அறையிலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பாலாற்று மணலைப் பார்த்தபடி, "எனக்கு?" என்றாள். பாதிக்குப் பாதி என்றேன். வேறென்ன சொல்ல? தகப்பன் வழியாக வரும்போது அந்த எழுத்துகள் இன்னும் நீளக்கூடும், நீண்டால் இன்னும் இளம் வயதிலேயே தொடங்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. என் நாக்கு முதன்முதலாக ஒரு தகவலை உள்ளேயே வைத்துக்கொண்டது. டெஸ்ட் உண்டு, ஆனால் செய்துகொள்வதும் வேண்டாமென்பதும் அவள் இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மட்டும் சொன்னேன். எனக்கு இந்த நோய் வர வழி இல்லை. பெரியப்பா எங்கள் ரத்தம் இல்லை. ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். நான் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

பெரியம்மாவுக்கு வேறொரு குழப்பம். சொந்தத்தில் கட்டினால்தான் பிள்ளைகளுக்குக் கோளாறு வரும் என்று நர்ஸுகள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "நாங்க அசல்லதானடா கட்டினோம்?" என்று என்னிடம் மறுபடி மறுபடி கேட்டாள், நான் ஏதோ மார்க் போடும்போது தப்பாகக் கூட்டிவிட்டதுபோல. இது அந்த வகை இல்லை, ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும் என்றேன். அவள், அப்படியானால் இதை யாருக்கும் சொல்லக்கூடாது என்றாள். அவளுக்கு அப்போது மரபணு புரிந்துவிட்டது.

ஏனென்றால் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காவேரிப்பாக்கம், ஸ்கூல் வாத்தியார். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை நடுவில் கேட்பார்கள். ஆனால் ஓலை வாசிக்கும் முன்னால் வீட்டுத் தலைவரின் பெயரில் இருக்கும் ஒழுங்கு நடவடிக்கை தீர வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அதைத் தீர்க்க இரண்டே வழிதான். ஒன்று, ஆஸ்பத்திரி முடிவைச் சொல்வது. சொன்னால் பெரியப்பா குடிகாரர் இல்லை என்று ஆகிவிடும். கூடவே அது பிள்ளைகளுக்கு வரும் நோய் என்பதும் காவேரிப்பாக்கம் வரைக்கும் போய்விடும். இன்னொன்று, குடித்தேன் என்று ஒப்புக்கொண்டு மனந்திரும்புவது.

அக்கா மாப்பிள்ளையிடம் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் உட்கார்ந்து பேசினார்களாம். அவர், எனக்குத் தெரிந்தால் போதும், எங்கள் வீட்டுக்குத் தெரிந்தால் இது நடக்காது என்றாராம். டெஸ்ட்டும் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்னிடம் வந்து அக்கா சொன்னது இது ஒன்றுதான்: "நீ என்னைப் பாத்துக்கினே இருப்பே. எனக்குத் தெரியும். எதனா தெரிஞ்சுதுன்னா சொல்லாத." சரி என்றேன்.

அப்புறம் பெரியப்பா. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. பெரியம்மா அழவில்லை, அக்கா கெஞ்சவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் ஆயரிடம் போவதைப் பற்றிப் பேசாமல் இருந்தார். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். கன்னம் நில்லாமல் ஆடியது. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு நான் மழித்தேன். மறுநாள் ஆராதனையில், மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று ஆயர் அழைத்தபோது அவர் எழுந்து நடுவழியில் நடந்தார். கால்கள் ஒரு பக்கம் இழுக்க, தோள் குலுங்க, அவர் நடந்துபோனதைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. பீடத்துக்கு முன்னால் திரும்பி நின்று சபையைப் பார்த்து, "இனிமே குடிக்க மாட்டேன். மன்னிச்சிடுங்க" என்றார். சொல் குழறியது. இரண்டாவது தடவை சொன்னபோது எல்லோருக்கும் புரிந்தது. ஆயருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நல்ல மனிதர். பெரியப்பாவின் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். அதன் பிறகு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது, தெரிந்த ஐந்து பேரும் ஒரே பெஞ்சில் தலைகுனிந்திருந்தோம். மாப்பிள்ளையும் எங்களோடு வந்திருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் நின்றார். "பொய் சொல்லலடா," என்றார். "குடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

அதற்கப்புறம் நடந்ததை நான் வேகமாகவே சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொல்ல என்னால் முடியாது. கல்யாணப் பந்தலில், மகள் கல்யாணத்துக்காவது குடிக்காமல் வந்திருக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசியதைக் கேட்டுக்கொண்டு கேசரி பரிமாறினேன். பெரியப்பா மெலிந்துகொண்டே போனார். எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டவில்லை. பேச்சு போனது. விழுங்குவது போனது. நான் படிப்பை முடித்து வேலூரில் ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிற ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்து, உட்கருவை உடைத்து, உள்ளிருக்கும் நூலை வெளியே எடுப்பது என் வேலை. சாராயத்தை ஊற்றியதும் அது வெள்ளையாகத் திரண்டு சின்னக் குழாயில் மிதக்கும். ஆமாம், அதைத் திரட்ட எத்தில் ஆல்கஹால்தான் வேண்டும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பெரியப்பாவிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் போலிருந்தது. அதே வாரத்தில் அவருக்கு மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் சளி நுரையீரலுக்குப் போய் அவர் இறந்தார். பழைய ஆயர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் பெரியப்பாவைப் படுக்கையில்தான் பார்த்தவர். சபையாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து அடக்க ஆராதனையில் உருக்கமாகப் பேசினார். இந்தச் சகோதரர் மதுவின் பிடியில் இருந்தவர், ஆனால் சபைக்கு முன்பாகத் தன்னைத் தாழ்த்தி, கடைசிவரை அந்த வாக்கைக் காப்பாற்றினவர், வாலிபர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கூட்டம் ஆமென் என்றது. நான் எழுந்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, பெரியம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த அத்தனையும், நாலாவது குரோமோசோமும் நீண்டுபோன எழுத்தும், முன் பெஞ்சில் கறுப்புப் புடவையில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மேல்தான் போய் விழும்.

சபையின் ஜெபக்குழுக்காரர்கள் அக்காவுக்காகவும் ஜெபிக்கிறார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் குழந்தை இல்லையாம், கர்த்தர் அவள் கர்ப்பத்தைத் திறக்க வேண்டுமாம். மாமியார்தான் பெயர் கொடுத்திருக்கிறார். குழந்தையே வேண்டாம் என்று அவளும் அவள் வீட்டுக்காரரும் எடுத்த முடிவு யாருக்கும் தெரியாது. அப்பாவைப் போலவே அவளும் தனக்கு இல்லாத ஒரு குறைக்காகச் சபையின் நடுவில் தலைகுனிந்து நிற்கிறாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு அக்கா காபி கொடுத்தாள். தட்டில் டம்ளர்கள். சின்ன வாசல்படி. ஒவ்வொருவராகக் குனிந்து கொடுத்துக்கொண்டே வந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. தட்டு கனம் என்றாலும் உரசும், அழுது களைத்த கை என்றாலும் உரசும். யார் தூக்கி வந்தாலும் உரசத்தான் செய்யும். அவள் என் முன்னால் வந்து நின்றபோதும் நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"கையையே பாக்காதடா," என்றாள். "மூஞ்சியப் பாரு."

நிமிர்ந்து பார்த்தேன். அகலமான நெற்றி, நுனி லேசாக மடங்கிய மூக்கு, ஒரு பக்கம் மட்டும் மேலேறிச் சிரிக்கும் வாய். எல்லாமே பெரியப்பா.